ஒரு பந்து குறைகிறது

ஜூன் 10, திங்கள்

நீலக் கோட்டின் மேல் பொத்தான் அறுந்துவிட்டது. ஊக்கு குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. என்னைக் கவனித்தால்தானே ஊக்கைக் கவனிக்க.

இன்று மேடத்துக்குக் கடைசி நாள். பள்ளியின் பெண்கள் வாலிபால் அணிக்கு அவர்தான் பயிற்சி கொடுத்து வந்தார். இனிப் பிரசவ விடுப்பு. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே விசில் ஊதினார். முடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வலப்பக்கம் இருப்பவள் இன்று நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது மேடத்தின் வழக்கம். "விழுந்தும் பந்தை எடுத்தே." "இன்னிக்கு நீ என்னை முறைக்கலை." சிரிப்பார்கள். அந்த நேரத்தில் நான் வட்டத்துக்கு வெளியே, மைதானம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பந்துகளைப் பொறுக்குவேன். அதனால் அந்த அணியில் யாரிடம் என்ன நல்லது என்று எனக்கு ஒப்பிக்கவே தெரியும். என் வலப்பக்கம் இருப்பது பந்துக் கூடைதான். அது நன்றாகச் செய்வது ஒன்றே ஒன்று, கவிழாமல் நிற்பது. ஒரு சக்கரம் ஆடுகிறது, அதனால் அதுவும் சந்தேகம்தான்.

பந்துகளை எண்ணி உள்ளே வைத்தால்தான் பூட்டுக்காரர் ஸ்டோரைப் பூட்டுவார். ஸ்டோர் பொறுப்பாளருக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் அது. பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். ஒரு பந்து குறைந்தாலும் போச்சு. "என்ன, பந்துக்குக் கால் முளைச்சிடுச்சா?" என்பார். நான் சேர்ந்த புதிதில் ஒரு பந்து சாக்கடைக்குள் போய்விட்டது. அன்றைக்கு நான் அழுததை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்.

மேடம் போகும்போது எல்லாருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். கூடைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெயர் ஞாபகம் வரவில்லை போல.

ஜூன் 11, செவ்வாய்

இன்று நான் வாயைத் திறந்து பேசியது: "இருக்கு." "சரி." "இருக்கு." முதல் "இருக்கு" பூட்டுக்காரரிடம், பந்தெல்லாம் இருக்கா என்றதற்கு. இரண்டாவது அம்மாவிடம், பசி இருக்கா என்றதற்கு.

ஜூன் 17, திங்கள்

இனிப் பெண்கள் அணிக்கும் சார்தான். இதுவரை பையன்கள் அணிக்கு மட்டும் இருந்தவர். குட்டையான ஆள், ஆனால் குரல் மூன்று ஆளுக்குக் காணும். ஸ்டோருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பந்துகளுக்குக் காற்றடிக்கும்போதும் அவர் சொல்வது ஒவ்வொன்றும் கேட்கும்.

பையன்களிடம் அவர் பேசுவதை இத்தனை நாள் கேட்டிருக்கிறேன். "கையில என்ன வெண்ணெயா தடவிட்டு வந்தே?" "பந்து வருதுன்னு உனக்கு லெட்டர் போட்டுச் சொல்லணுமா?" பையன்கள் சிரிப்பார்கள். திட்டு வாங்கியவனும் சிரிப்பான், அடுத்த பந்தை உடைக்கிற மாதிரி அடிப்பான். திட்டாத அன்றுதான் அவர்களுக்கு முகம் வாடும்.

இன்று அதே வெண்ணெய், அதே லெட்டர். பெண்கள் பக்கம் ஒருத்தியும் சிரிக்கவில்லை. மைதானத்தில் காலணி தேயும் சத்தம் மட்டும் கேட்டது. சார் ஒரு நிமிஷம் காத்திருந்தார், சிரிப்பு வரும் என்று. வராததும் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது ரிப்பேர் ஆகிவிட்டது போல.

வட்டம் கிடையாது. "உக்கார்ந்து கதை பேச நேரமில்லை" என்றுவிட்டார்.

ஜூன் 19, புதன்

பையன்கள் தப்புச் செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். அதுதான் சாரின் தண்டனை. பெண்களை அப்படி ஓட விடாதீர்கள், கொஞ்சம் மென்மையாக நடத்துங்கள் என்று தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். சார் யோசித்திருக்கிறார். யோசித்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"ஓட வேணாம். தப்புப் பண்றவ, ஆட்டம் முடிஞ்சதும் பந்து பொறுக்கணும். எல்லாத்தையும் அடுக்கி வெச்சிட்டுத்தான் வீட்டுக்கு."

மென்மையாம்.

முதலில் மாட்டியது நெட்டை. அணியிலேயே உயரமானவள், எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சர்வ் போட்டதெல்லாம் வலையில் போய் விழுந்தது. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவள் மட்டும் குனிந்து குனிந்து பொறுக்கினாள். நான் அந்தப் பக்கத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தேன். நடுவில் கூடை. அவள் அழுதுகொண்டிருந்தாள், சத்தம் இல்லாமல். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பந்துகளையே பார்த்தேன்.

தினமும் நான் செய்கிற வேலை. இதற்குத்தான் எனக்குச் சம்பளம். அது அவளுக்குத் தண்டனை. அழுகிற அளவுக்குத் தண்டனை. நான் என்ன நினைக்கணும்? எனக்குக் கோபம் வந்ததா? இல்லை. முகம் சூடாயிற்று, அவ்வளவுதான். ஏதோ என் வீட்டுக்கு வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்ட மாதிரி.

ஜூன் 20, வியாழன்

அம்மா இடது கையால் தலைவாரப் பழகிக்கொண்டுவிட்டாள். வாதம் வந்த வலது கை இன்னும் மடியிலேயே இருக்கிறது. "எப்படிம்மா போச்சு இன்னிக்கு?" என்றாள். நல்லா போச்சு என்றேன். "சிநேகிதிங்க யாராவது?" என்றாள். இருக்காங்க என்றேன். எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு இந்த "இருக்கு".

ஜூன் 26, புதன்

பேசினாள்.

நெட்டைதான். மறுபடியும் மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை அழவில்லை, அலுத்துப் போன முகம். கூடைக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, இதை எப்படி அடுக்கறது?" என்றாள்.

இங்கே எல்லாரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீலக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் அக்கா. காற்று குறைந்ததைத் தனியாக வைக்கணும் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்றாள். கட்டை விரலால் அழுத்திக் காட்டினேன். அவளும் அழுத்தினாள். ஒன்றை அழுத்திவிட்டு, "இது என்னை மாதிரி. மூணு நாளா காத்தே இல்லை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்கு என்ன வயசு?" என்றாள். சொன்னேன்.

"அய்யோ, என்னைவிடச் சின்னவளாடி நீ! நீதான் என்னை அக்கான்னு கூப்பிடணும்."

'டி' போட்டு என்னைக் கூப்பிட்டு எவ்வளவு நாளாகிறது? வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு எழுத்து.

ஜூலை 4, வியாழன்

இப்போது தினமும் யாராவது ஒருத்தி மாட்டுகிறாள். சுருட்டை முடிக்காரி ஒருநாள், அவளுடைய தோழி ஒருநாள், பாதி நாள் நெட்டை. பந்து பொறுக்கும்போது கை சும்மா இருப்பதில்லை, அதனால் வாயும் சும்மா இருப்பதில்லை. சார் என்னை எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டாரு, பையனுங்க பார்த்துட்டு இருந்தாங்க, வீட்டில் அண்ணன் கேலி பண்றான் — எல்லாம் என்னிடம் வந்து கொட்டுகிறார்கள். நான் "ம்" என்கிறேன். அதுவே போதும் போலிருக்கிறது. சுருட்டை இன்று போகும்போது எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். ஒட்டிக்கொண்ட தாளோடு சேர்த்துத் தின்றேன்.

ஒன்று எழுத வேண்டும். எழுதிவிட்டு அடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

மாலை நெட்டை சர்வ் போடப் பந்தைத் தூக்கியபோது, வலையில் விழணும் என்று நினைத்தேன். விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

பையன்கள் பக்கம் ஒரு வேடிக்கை. அவர்களுடைய கேப்டன் கால் பிசகி ஓரமாக உட்கார்ந்திருந்தான். சார் அவனை எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே நொண்டிக்கொண்டு போய், "சார், என்னை ஏன் சார் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? டீமை விட்டுத் தூக்கப் போறீங்களா?" என்றானாம். பூட்டுக்காரர் சொன்னார். திட்டு இல்லை என்றால் தான் கணக்கிலேயே இல்லை என்று அவனுக்கு நினைப்பு.

ஆனால் எல்லாப் பையன்களும் அப்படி இல்லை. ஒருத்தன் இருக்கிறான். திட்டு வாங்கும்போது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவன். ஆட்டம் முடிந்ததும் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற குழாய்க்கு வருவான். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருப்பான். முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் உள்ளே சத்தம் போடாமல் நிற்பேன், அவன் போகும்வரை.

ஜூலை 15, திங்கள்

நாலு பேர் வரவில்லை. வயிற்று வலி, தலைவலி, அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள், காரணமே இல்லை.

சார் ஸ்டோர் வாசலில் நின்று பூட்டுக்காரரிடம் புலம்பினார். "பசங்ககிட்ட ஒண்ணு சொன்னா அடுத்த பந்துல பதில் சொல்றான். இதுங்க அடுத்த பந்தைத் தொடவே மாட்டேங்குதுங்க. நான் என்ன அடிச்சேனா, ஓட விட்டேனா? இந்த மாசக் கடைசிக்குள்ள ஆள் சேரலேன்னா பொண்ணுங்க டீம் வேணாம், பேரை எடுத்துடுங்கன்னு எச்.எம். சொல்லிட்டாரு."

பூட்டுக்காரர் நிதானமாகச் சாவியைத் துடைத்தார். "பூட்டைப் பத்திக் கேளுங்க சார், சொல்றேன்."

பேரை எடுத்துவிட்டால்? மைதானத்தின் இந்தப் பாதி காலி. வலை இருக்காது. பந்து இருக்காது. பொறுக்கவும் ஒன்றும் இருக்காது, பேசவும்.

ஜூலை 18, வியாழன்

நெட்டையிடம் கேட்டேன். நானாக ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. நீயும் நின்றுவிடுவாயா?

அவள் கூடையின் விளிம்பில் சாய்ந்து யோசித்தாள். எல்லாருக்கும் சாரைப் பிடிக்கவில்லை, ஆனால் எனக்குப் பிடிக்கும் என்றாள். எனக்கு ஆச்சரியம். மேடம் எதற்கெடுத்தாலும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்பாராம். எது நல்லாயில்லை என்று கடைசிவரை தெரியாதாம். சார் ஒரே நாளில் சொல்லிவிட்டாராம், தோள் திரும்பாமல் கை மட்டும் போகிறது என்று. "அது நிஜம். அதைத் திருத்தினா என் சர்வ் விழாது. ஆனா அதை எல்லாரையும் கூட்டி வெச்சு, நடிச்சுக் காட்டி, பசங்க சிரிச்சு... அப்புறம் தோளைத் திருப்பணும்னு எனக்குத் தோணவே மாட்டேங்குது. அவங்க என்னைப் பார்க்கறாங்களான்னுதான் தோணுது."

அப்போது சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் எழுந்து உட்கார ஆரம்பித்ததும் திரும்பப் போனேன். வகுப்புக்குள் கால் வைத்ததும் டீச்சர், "அடடே, விருந்தாளி வந்திருக்காங்க, நாற்காலி போடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். கெட்ட மனசோடு சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஒரு பையன் நிஜமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டான். மறுநாள் சீருடை போட்டுக்கொண்டு தெருமுனைவரை போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை. அவ்வளவுதான். அம்மாவுக்காகப் படிப்பை விட்டேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவும்.

நெட்டை சிரிக்கவில்லை. ஒரு பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு, "அந்த டீச்சர் இப்ப எங்கே இருக்காங்க?" என்றாள். ஏன் என்றேன்.

"என் சர்வ் சரியாகட்டும். ஒரே ஒரு பந்து."

ஜூலை 22, திங்கள்

பக்கத்துப் பள்ளி அணியோடு பயிற்சி ஆட்டம். படுதோல்வி. நம் அணியில் வந்திருந்த எல்லாரையும் சார் பந்து பொறுக்கச் சொல்லிவிட்டார்.

எனக்கு வேலையே இல்லை. மைதானம் முழுக்கப் பெண்கள், ஆளுக்கு இரண்டு பந்து. சுருட்டை என் கோட்டைப் பிடித்து இழுத்து, "நீ உக்காருடி, இன்னிக்கு உனக்கு லீவு" என்றாள். உட்கார்ந்தேன். ஒருத்தி கூடையைத் தள்ளப் போய்ச் சக்கரம் கழன்று பந்தெல்லாம் மறுபடி உருண்டு ஓடியது. அழுதுகொண்டிருந்தவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் சேர்ந்து விரட்டினோம். நானும். ஓடினேன் நான்.

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு இதுதான் நல்ல நாள்.

வெளியே போகும்போது வாசலில் சுருட்டை நெட்டையிடம் சொன்னது காதில் விழுந்தது: "நான் நாளையிலேருந்து வரலைடி. போதும்."

ஜூலை 24, புதன்

சார் ஸ்டோருக்குள் வந்தார். நான் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பம்பின் சத்தத்தில் முதலில் கவனிக்கவில்லை. ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டார். குரல் வழக்கம்போல இல்லை.

"ஏம்மா, உனக்கும் அவங்க வயசுதானே. உன்கிட்ட பேசறாங்கன்னு ஸ்டோர்க்காரரு சொன்னாரு. என்னதான் வேணுமாம் அவங்களுக்கு?"

தெரியாது சார் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகும். சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். நாளைக்கும் யாராவது தப்புச் செய்வாள், என்னோடு பொறுக்குவாள், பேசுவாள். மாசக் கடைசிவரைக்குமாவது.

சொன்னால்?

பம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எல்லார் முன்னாடியும் வேணாம் சார்."

"எது?"

"திட்டறது."

"அப்போ தனியா திட்டலாமா?"

கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டார். "தனியா சொன்னா கேட்டுப்பாங்க சார். எது தப்புன்னு தெரியணும்னுதான் இருக்காங்க. அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டா நல்லாயிருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இவ்வளவு நான் பேசியதில் எனக்கே மூச்சு வாங்கியது. நிறுத்தியிருக்கலாம். அவரே எழப் போனார்.

"அப்புறம்... பந்து பொறுக்கறது சார்."

"அது லேசான தண்டனைதானே. ஓடவா விட்டேன்?"

"அது என் வேலை சார்."

நான் பம்பின் கைப்பிடியை அழுத்தினேன். பந்து ஏற்கெனவே நிறைந்திருந்தது. பிறகு அவர், "நான் அதை அப்படி யோசிக்கலேம்மா" என்றார். எழுந்து வாளியை இருந்த இடத்தில் வைத்தார். வாசலில் நின்று, "பசங்க?" என்றார். "அவனுங்களுக்குத் திட்டுனா பிடிக்கும்தானே?"

"முக்கால்வாசிப் பேருக்கு" என்றேன். குழாயைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவனுடையது.

சொல்லிட்டேன். நானே என் வாயால. இனிமே யார் வருவா என்கிட்ட?

ஜூலை 25, வியாழன்

தண்டனை இல்லை.

சார் பெண்களை உட்கார வைத்து, சுருட்டை வரவில்லையே, போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பிறகு ஒவ்வொருத்தியாக வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசுவதும் ஸ்டோர்வரை கேட்கிறது, பாவம். "தோளைத் திருப்பு. உனக்கு எப்படி வசதி, நீயே சொல்லு." நெட்டை சொன்னாள். ஏதோ ஒரு காலை முன்னால் வைத்துக் காட்டினாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவளுடைய பந்து வலைக்கு மேலே போயிற்று. அடுத்ததும்.

பையன்களையும் கேட்டாராம், உங்களுக்கு எப்படி வேணும்டா என்று. எல்லாரும் ஒரே குரலில், "திட்டுங்க சார்" என்றார்களாம். சத்தமாகச் சிரிக்கிறவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் சார் அவன் தோளில் கை போட்டு மைதானத்தைச் சுற்றி நடந்தார். ஓடவில்லை, நடந்தார்கள். இன்று குழாய்க்கு யாரும் வரவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமாகத்தான் இருக்கணும்.

ஜூலை 26, வெள்ளி

பந்துகள் எல்லாம் இருந்தன. நானே பொறுக்கினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அணி நிற்கிறது. பெயரை எடுக்கவில்லை. புதிதாக இரண்டு பேர்கூடச் சேர்ந்திருக்கிறார்கள். வட்டமும் திரும்பி வந்துவிட்டது. நல்லது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று, இரண்டும் சொல்லணுமாம். சார் ஓரமாக நின்று தன்னைப் பற்றியும் கேட்டார். "சத்தம் சார்" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய்விடுகிறார்கள். போட்டி வருகிறது, வீட்டுப் பாடம் இருக்கிறது, பஸ் இருக்கிறது. தப்புச் சொல்ல முடியாது. நெட்டை வாசலிலிருந்து கையை ஆட்டினாள். என் இரண்டு கையிலும் பந்து. கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்குவதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

புதிதாக வந்தவள் ஒருத்தி, "அக்கா, பந்து" என்றாள்.

எடுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

வேலை முடிந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். தினமும் செய்வதுதான். திடீரென்று அம்மா, "என்னாலதானே உன் படிப்பு போச்சு" என்றாள். இதைச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன். இன்று போகவில்லை. விருந்தாளி கதையைச் சொன்னேன்.

அம்மா இடது கையால் என் விரல்களைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த ஒரு கையோடயே போய் அவளைக் கேட்டிருப்பேனே" என்றாள். கேட்டிருப்பாள். இடது கையை ஓங்கியே காட்டினாள். இருவரும் சிரித்தோம். அப்புறம் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கனம் குறைந்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் நாளைக்கு நான் போகிற மைதானம் அதேதான்.

ஆகஸ்ட் 14, புதன்

போட்டி. எல்லாரும் பள்ளி பஸ்ஸில் போனார்கள். பந்துக் கூடையை ஏற்றிக் கொடுத்தேன். பஸ்ஸில் இடம் இல்லை என்று இல்லை. என்னையும் ஏற்றிக்கொள்ளணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை, பஸ் திரும்பி மறைகிறவரை.

காலி ஸ்டோரைப் பெருக்கினேன். மத்தியானம் பூட்டுக்காரருக்குப் போன் வந்தது. அரை இறுதிவரை போய்த் தோற்றார்களாம். "நெட்டைப் பொண்ணு சர்வ் பிரமாதமாம்" என்றார். தெரியும் என்றேன். "நீ எங்கே பார்த்தே?" என்றார். எங்கே பார்த்தேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது. தோளிலிருந்து ஆரம்பிக்கணும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஒரு பந்து குறைந்தது.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். காற்றுப் போனதைத் தனியாக எண்ணினேன். குறைகிறது. சாக்கடையில் குச்சியை விட்டுப் பார்த்தேன், பெஞ்சுக்கு அடியில், செடிகளுக்குள், குழாய்க்குப் பின்னால். பூட்டுக்காரர் பூட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். "கால் முளைச்சிடுச்சா?" என்று ஆரம்பித்துவிட்டார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சாக்கடைப் பந்துக்கு அப்புறம் இத்தனை நாள் ஒன்றுகூடத் தவறவில்லை. இந்த ஒரு வேலையாவது ஒழுங்காகச் செய்கிறேன் என்று நினைத்தேன், அதுவும் போச்சா?

அப்போது வாசல் பக்கம் காலணிச் சத்தம். நெட்டை. கையில் பந்து.

"தெரியாம என் பையில போயிடுச்சு" என்றாள்.

அவள் பையைப் பார்த்தேன். அதில் அரைப் பந்துகூட நுழையாது. மேல்சட்டையைச் சுற்றிக் கட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், சட்டையின் கைகள் இன்னும் பந்தின்மேல் முடிச்சுப் போட்டபடியே இருந்தன. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் முகம் மாறிவிட்டது.

"அய்யய்யோ, அழுதியா? நான் வாசல்லயே நின்னுட்டு இருந்தேன்டி. அவளுங்க எல்லாரும் போகட்டும்னு."

எதற்கு என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து அடுக்கினோம். அரை இறுதியைப் பற்றி முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள், தோற்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை. போகும்போது, "உனக்கு வலப்பக்கம் இன்னிக்கு நான்தான்" என்றாள். "சொல்லு, நான் என்ன நல்லாப் பண்ணேன்?"

பந்தைத் திருப்பிக் கொண்டுவந்தாய் என்றேன். "திருத்த வேண்டியது?" என்றாள். முதலிலேயே சொல்லிவிட்டு எடுத்துப் போ என்றேன்.

"சொல்லிட்டு எடுத்தா அப்புறம் எப்படிடி திரும்பி வர்றது?" என்றாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எல்லாப் பந்தும் இருந்தது. நெட்டைக்கு இன்று பரீட்சை, அவள் வரவே இல்லை. மைதானம் ரொம்பப் பெரிசு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இதை ஸ்டோரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் இன்னும் இருக்கிறது. கூடையின் சக்கரத்தைச் சரிசெய்தாயிற்று, ஆடவில்லை. கோட்டுக்குப் பொத்தான் வைத்தாயிற்று, அம்மா இடது கையால் தைத்தது. கொஞ்சம் கோணல்.

பூட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"பந்தெல்லாம் இருக்கா?"

"ஒண்ணு குறையுது."

சாக்கடையை எட்டிப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், சாவகாசமாக உட்கார்ந்திருந்த என்னை. "தேடலையா?"

"வரும்" என்றேன்.

பூட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துகொண்டார்.